இம்மாம் சத்தம்

'என் வாழ்வில் ஒரு நாள்' என்று ஏழாம் வகுப்பை எழுதச் சொன்னால், காசிமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஊட்டிக்குப் போய் மலை ரயிலில் ஏறிவிட்டு வந்திருந்தார்கள். ஐரீன் டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது.

"கைடைப் பார்த்து எழுதினால் கிழித்துப் போடுவேன். உங்களுக்கு நடந்ததை, நடந்தபடியே எழுதுங்கள்!"

ஐரீனும் பக்கத்து ராயபுரத்தில் பிறந்து, இதே பேச்சில் வளர்ந்தவள்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவள் வாயில் புத்தகத் தமிழ் தவிர வேறு வராது.

மறுநாள் ஷாலு எழுந்து வாசித்தாள். மீன் விற்கிற அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். கூடைக்குப் பக்கத்தில் நின்று இவளே 'வஞ்சிரம், வஞ்சிரம்' என்று கூவினாளாம்.

"எங்கம்மா என்னயே பாத்துச்சு. 'இன்னாடி, உன் தொண்டைல இம்மாம் சத்தம் கீதா?'ன்னு கேட்டுச்சு."

வகுப்பே கைதட்டியது. சத்தம் கேட்டு, வராண்டாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் உள்ளே வந்து, ஷாலுவை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. அந்த 'இன்னா', 'கீதா'வை மட்டும் திருத்திக் குடு. ஆண்டு மலர்ல போட்டுடலாம்."

ஷாலு நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "திருத்துனா அது வேற யாரோ அம்மா சார்."

தலைமையாசிரியர் ஐரீனைத் திரும்பிப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. ஐரீனுக்குப் பெருமையில் மார்பு விம்மியது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"புள்ள கரீட்டா சொல்லிக்கீது. இன்னாத்துக்கு சார் திருத்தணும்?" என்றாள்.