கார் ஏறும் ரயில்

புதுக்கடையிலிருந்து சென்னைக்குக் காரில் பதின்மூன்று மணி நாற்பது நிமிடம். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அப்பா ஓட்டிய நேரம் அது. திருச்சியில் சாப்பிட நிறுத்தியதும் அதில் அடக்கம். அந்தக் கணக்கை அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். அதே அப்பா 2012ஆம் ஆண்டு, பயணிகளோடு அவர்களுடைய கார்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ரயில் வேண்டும் என்று நாகர்கோவிலில் ரயில் பயணிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்கு இரண்டு பக்கப் பார்வையும் போய்க்கொண்டிருந்தது.

திருநெல்வேலிக் கண் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் கூட்டிப்போயிருந்தார். அம்மாவிடம் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொன்னார். அங்கே இருட்டறையில் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நெடுநேரம் பொத்தான் சத்தம் வரவில்லை. பிறகு சேர்ந்தாற்போல் சில தடவை வந்தது. மறுபடியும் நின்றுவிட்டது.

கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. போனது திரும்பாது. மீதியைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ் வள்ளியூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"மக்கா, வீட்டுல பறையாத கேட்டியா."

"அம்மா கேட்டா?"

"கண்ணாடி பழசே போதும்ணு சொன்னாங்கண்ணு சொல்லு. வெவரம் தெரிஞ்சா ஒனக்க அம்ம அண்ணைக்கே சாவிய வாங்கி அரிசிப் பானைக்குள்ள போட்டிருவா."

அவர் சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். ஒருமுறை டிரெய்லரைக் கப்பலுக்குள் ஏற்றியிருக்கிறார். ஊரில் ததேயுஸ் என்று அவர் பெயரைச் சொன்னால் அந்தக் கப்பலையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். கைக்கு அருகே இருக்கும் தம்ளரைத்தான் தட்டிவிடுவார். "கண்ணு எங்க இருக்கு?" என்று அம்மா திட்டிக்கொண்டே துடைப்பாள். அப்பா பேப்பரைப் புரட்டுவார்.

காரை முழுவதும் விட்டுவிடவில்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் பகலில் மட்டும் எடுப்பார். நான் முன்னால் இடது பக்கம் உட்காருவேன். சைக்கிள் வருது, ஆடு நிக்குது, மீன்கார அக்கா குறுக்க வாறா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். கல்லூரியில் இயற்பியல் வாய்மொழித் தேர்வில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

பின் இருக்கையில் அம்மாவுக்கு அது வேடிக்கை. "இந்தப் பிள்ளைக்கு வாயி கார்ல ஏறினாத்தான் தொறக்கும். ஏட்டி ஜெனிலா, பொண்ணு பாக்க வாறவங்களக் கார்லயே இருத்திப் பேசீரலாம் போல."

அப்பா சிரிப்பார். கியரை மாற்றுவார்.

அந்தக் காரை வாங்கியது அண்ணன் பிரபின். குவைத்தில் இருந்தபோது பணம் அனுப்பி வாங்கினான். இப்போது அவனுக்குச் சென்னையில் வேலை. கல்யாணமும் முடிந்து மனைவி ஜிஷாவுக்குப் பிள்ளையும் பிறந்திருந்தது. ஞானஸ்நானம் கிறிஸ்துமஸ் கழிந்து என்று முடிவானதும் போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, காரை இங்க கொண்டு வந்திருங்க. அம்மையையும் ஜெனிலாவையும் கார்லயே கூட்டிட்டு வாங்க. பிள்ளைய வச்சிட்டு ஆட்டோவுல அலைய முடியல்ல."

"கொண்டு வரலாம்லே," என்றார் அப்பா. "இவ்வளவு தூரம் ஓட்டினா வண்டி தேய்ஞ்சிரும். அதாக்கும் யோசிக்கேன்."

"அப்ப ஒரு டிரைவரப் போட்டு அனுப்புங்க."

"எனக்கு டிரைவரா? நல்லா இருக்குலே!"

"பின்ன எப்பிடித்தான் வரும்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வெளிநாட்டுல ரயிலு உண்டு. ஆளும் ஏறலாம், ஆளுக்க காரும் ஏறும். ராத்திரி படுத்துத் தூங்கிட்டு காலையில காரை எறக்கிப் போயிரலாம். இங்க மட்டும் என்ன கேடு? நான் சங்கத்துல பேசப் போறேன்."

"அப்பா, அந்த ரயிலு வாறதுக்குள்ள எனக்க பிள்ளைக்கு மீசை மொளைச்சிரும்."

அம்மா சிரித்தாள். நாள் கடத்துவதற்காக அந்த நிமிடத்தில் தோன்றிய பேச்சு அது. ஆனால் சொன்ன பிறகு அவரே அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நாகர்கோவிலுக்குப் போனார்.

சங்கச் செயலாளர் ஆறுமுகப்பெருமாள் ஓய்வுபெற்ற பேங்க் அலுவலர், சுசீந்திரத்துக்காரர். நான்கு மகன்களும் நான்கு ஊரில். வழக்கமாகக் கூட்டத்தில் நடைமேடையின் உயரம், கழிப்பறை, ரயில் வந்து சேரும் நேரம் என்றுதான் பேச்சு போகும். அப்பா பேசி முடித்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"வேய் ததேயுஸு, இது நல்ல காரியமாட்டுல்லா இருக்கு," என்றார் ஆறுமுகப்பெருமாள். "ரயிலு பொறப்படுகதே நம்ம ஊர்லேருந்துதான். கன்னியாகுமரிக்கு வடக்கேயிருந்து கார்ல வாறவன் திரும்பிப் போவும்போ ஏத்தி விட்டா என்ன? டெல்லிக்கு ஒண்ணு, பம்பாய்க்கு ஒண்ணு, சென்னைக்கு ஒண்ணு. கேட்டுப் பாப்போம்."

கேட்டுப் பார்த்தார்கள். யாரும் எதிர்பாராதபடி திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ரயில்வே அதிகாரி அதைக் கேட்கத் தயாராக இருந்தார். புதுக் கார்களைக் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் ரயில் பெட்டி ஒன்று காலியாக நாகர்கோவில் சரக்கு மேடைக்கு வருகிறது, சங்கத்திலிருந்து ஒரு காரைக் கொண்டுவந்தால் ஏற்றிப் பார்க்கலாம், மேலே எழுதுவதற்கு உதவும் என்றார்.

ஆறுமுகப்பெருமாள் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். "ஏத்துகது ஆருண்ணு கேட்டாரு. கப்பல்லயே ஏத்தின ஆளு இருக்காருண்ணு சொல்லிட்டேன்வேய்."

"அதுக்கென்ன," என்றார் அப்பா.

அவர் போன பிறகு அப்பா நெடுநேரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் போகும் வழியில் இரண்டு இரும்புத் தகடுகள் போட்டிருக்கும் என்று ஆறுமுகப்பெருமாள் சொல்லியிருந்தார். சக்கரங்கள் அதன் மேல்தான் போக வேண்டும். விலகினால் நடுவில் இறங்கிவிடும்.

மறுநாள் அம்மா சந்தைக்குப் போனதும் முற்றத்தில் உரித்த தேங்காய்த் தொண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கினோம். அப்பா காரை அதன் நடுவே விட்டார். இடது வரிசை முழுவதும் நசுங்கியது. பின்னால் எடுத்து மறுபடி விட்டார். இந்தத் தடவை வலது வரிசை. நான் தொண்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன். அவர் இறங்கிவந்து பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா, நான் முன்னால நின்னு கை காட்டட்டுமா?"

நேராக இருப்பது அவருக்குத் தெரியும் அல்லவா? நான் காருக்கு நேர் முன்னால் நின்று, அவருக்கு இடப்பக்கம் கையை உயர்த்தினால் இடது, வலப்பக்கம் உயர்த்தினால் வலது, இரண்டையும் நீட்டினால் நேரே என்று வைத்துக்கொண்டோம். பின்னால் நடந்துகொண்டே காட்டினேன். ஒரு தொண்டுகூட நசுங்கவில்லை. மூன்று தடவை பார்த்தோம்.

"மக்கா, பிசிக்ஸ் படிச்சது வெறுதே போவல்ல," என்றார் அப்பா. அன்றைக்கு மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஏற்றிப் பார்க்கும் நாளில் அம்மாவும் வந்தாள். ஒரு பெரிய பிளாஸ்கில் டீயும் பேப்பர் கப்புகளும் எடுத்துக்கொண்டாள். நாகர்கோவில்வரை நான் வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தேன். காலையிலேயே வெயில் இருந்தது. சரக்கு மேடையின் முனையில் பெட்டி நின்றது. பழைய பயணிகள் பெட்டிதான். இருக்கைகளை எடுத்து, ஜன்னல்களை அடைத்து, கடைசியில் அகலமான கதவு வைத்திருந்தார்கள். மேடைக்கும் கதவுக்கும் நடுவே இரும்புத் தகடுகள். சங்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அதிகாரி இளவயதுக்காரர், மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

அப்பா காரைத் தகடுகளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். நான் பெட்டிக்குள் போய் நின்றேன்.

"ஆ குட்டி எந்தினா அவிட?" அந்தப் பெண் எதற்கு அங்கே என்று என்னைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

"எனக்க மகளு சாரே. கை காட்டுவா."

"வேண்டா, வேண்டா. வண்டி வரும்போ முன்னால ஆளு நிக்கக்கூடாது. வெளியில வரணும் மோளே. சைடுல நின்னு காட்டிக்கோ."

நான் வெளியே வந்து மேடை ஓரத்தில் நின்றேன். அங்கே நின்றால் அப்பாவுக்கு நான் தெரிய மாட்டேன். அவரும் என் பக்கம் திரும்பவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் ஒரு அடி நகர்ந்து நின்றது. மறுபடி ஒரு அடி. ஒரு சக்கரம் தகட்டின் விளிம்பில் ஏறி இறங்கியது.

"என்னவேய், கப்பலுக்குப் பயப்படாத ஆளு ரயிலுக்குப் பயப்படுகீரு?" என்றார் ஆறுமுகப்பெருமாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார்.

"கிளச்சு சரியில்ல சாரே."

"அது சாரமில்ல, பரவாயில்ல. எனக்க டிரைவர் ஏத்தும்." அதிகாரி தன் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார்.

டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஏறினான். ஒரே மூச்சில் காரைப் பெட்டிக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். பக்கத்துக்கு ஒரு முழம் இடம் மிச்சம் இருந்தது. கை தட்டினார்கள். அவன் சாவியை அப்பாவிடம் கொடுத்தான்.

"கிளச்சு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."

அப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா எல்லோருக்கும் டீ ஊற்றினாள். அதிகாரிக்குக் கொடுத்துவிட்டு, கப்பைத் திரும்ப வாங்க அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"கார் ஏறும், அது கண்டாச்சு," என்றார் அதிகாரி. "பக்ஷே மேல ஒரு கேள்வி கேப்பாங்க. ஓட்டத் தெரிஞ்சவன் ரோட்டுல போவான். வசதி உள்ளவன் டிரைவர வைப்பான். பின்ன இந்த வண்டி ஆர்க்கு?"

"டூரிஸ்ட்டு வாறாங்கல்லா," என்றார் ஆறுமுகப்பெருமாள்.

"டூரிஸ்டுக்கு இங்க டாக்சி உண்டு சாரே."

"எனக்க நாலு பிள்ளையளும்..."

"பிளெயின்ல வரும்." அதிகாரி சிரித்தார். குற்றமாகச் சொல்லவில்லை. "ஒரு ஆளைக் காட்டுங்க. இந்த வண்டி இல்லாம கார கொண்டுபோக வழியில்லாத ஒரு ஆளு. நான் எழுதலாம். இல்லெங்கில் இது இவிட வச்சு நிறுத்தலாம்."

ஆறுமுகப்பெருமாள் தரையைப் பார்த்தார். அதிகாரி டீயைக் குடித்து முடித்தார். ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பப் போனான்.

அப்பா என்னைத் தேடினார். தலையை முழுதாகத் திருப்பி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். அவர் மறுபடி அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"நானாக்கும் சாரே அந்த ஆளு."

"ஓட்டத் தெரியுமல்லோ ஒங்களுக்கு?"

"முப்பது வருசம் ஓட்டினேன். இனி ஓட்டக்கூடாதுண்ணு டாக்டர் சொல்லியாச்சு. கிளச்சுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குக் கண்ணு போச்சு சாரே. நேரா நிக்கிற ஒங்களத் தெரியுது. ஒங்களுக்கப் பக்கத்துல எனக்க வீட்டுக்காரி நிக்காளா, இல்லியாண்ணு எனக்குத் தெரியல்ல."