கட்டை வைத்த இடம்

ஷிபின் ஒரு பெட்டி முதலூர் மஸ்கோத்து அல்வாவோடு மாடியேறி வந்தான். அதைப் பார்த்ததுமே விஷயம் கெட்டது என்று ஞானசெல்விக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாக வெறுங்கையோடு வந்து காபி குடித்துவிட்டுப் போனவன் அவன்.

"நம்ம ஊரு அல்வாக்கா. சொல்லி வரவழைச்சேன்."

"ஒனக்கு மார்த்தாண்டம், எனக்குச் சாத்தான்குளம். ரெண்டும் எப்ப ஒரே ஊராச்சு? அங்கன வச்சிட்டு வந்த காரியத்தைச் சொல்லு."

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம், கீழே அவள் கொழுந்தனாரின் கயிறு, சங்கிலி மொத்த வியாபாரம். மாடியில் அவளுடைய கம்ப்யூட்டர் அலுவலகம். அலுவலகம் என்றால் நான்கு கம்ப்யூட்டர், வேலைக்கு இரண்டு பெண்கள், வெளியே அலைய திலீப். ஷிபின் இருப்பது நங்கூரம் என்ற மென்பொருள் கம்பெனியில். டிரெய்லர் லாரி வைத்திருக்கிற முதலாளிகளுக்கு எந்த வண்டி எங்கே, எந்த டிரைவர், எந்த கேட் பாஸ் என்று ஒரே திரையில் காட்டுகிற சரக்கு அவர்களுடையது. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவே லாரி யார்டு வைத்திருக்கிற ஒருவனும் அவர்களை உள்ளே விடவில்லை. அப்போது ஷிபின்தான் தேடி வந்து அவளைக் கம்பெனிக்கு வாடிக்கை பிடித்துத் தருகிற பார்ட்னர் ஆக்கினான். அவளும் திலீபும் வெயிலில் நாய் அலைச்சல் அலைந்து நாற்பத்தொரு முதலாளிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். "கம்பெனிக்காரங்க எங்க ஆளுங்கதான், நம்பலாம்" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும்.

அந்த மூன்று வருஷத்தில் அவள் சொந்தமாகவும் ஒன்று செய்திருந்தாள். துறைமுக வாசலுக்குப் போகிற டிரெய்லர் வரிசையில் யாருக்கு எத்தனையாவது இடம் என்று டிரைவரின் போனில் காட்டுகிற ஆப்பு. 'முறை' என்று பெயர். நங்கூரம் தன் மென்பொருளோடு சேர்ந்து ஓடக்கூடிய வெளியாட்களின் ஆப்புகளை அடுக்கி வைக்க ஒரு மார்க்கெட் பிளேஸ் நடத்தியது. 'முறை' அந்தக் கடையில் இருந்தது. நங்கூரத்தின் வாசல் வழியாகத்தான் அதற்குள் போக முடியும்.

ஷிபின் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"மார்க்கெட் பிளேஸ் விதி மாறியிருக்குக்கா. வரிசை பாக்குற ஆப்பை இனிமே கம்பெனியே குடுக்குது. 'நங்கூரம் வரிசை'. இலவசம். உங்களோடதை அதுல கரைச்சுடலாம். அந்த நாப்பத்தொரு பேரையும் நேரடியா கம்பெனி பாத்துக்கும். ஒரே ஒரு கையெழுத்து."

"போடலன்னா?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு 'முறை' கடையை விட்டு எறங்கிடும்."

"கடையில ஏத்தச் சான்றிதழ் வேணும்னு சொல்லி எங்கிட்ட எழுபது பக்கம் எழுதி வாங்கினியே. எந்தப் பொத்தான் எதுக்கு, எப்படி வேலை செய்யுதுன்னு வரி வரியா. அதை வச்சித்தான செஞ்சிய?"

"அது எல்லா பார்ட்னரும் குடுக்கறதுதான்கா."

"எல்லார் வீட்டுலயும் புகுந்தோம்னு சொல்லுதது ஒரு பதிலா?"

"அப்படிப் பாக்காதீங்க. இது ஒரு எகோசிஸ்டம். எல்லாரும் சேர்ந்து வளரணும்."

"கொளத்துல மீனும் வளருது, அதைத் திங்கிற கொக்கும் வளருது. நீ எதைச் சொல்லுத?"

ஷிபின் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததால் அது பாதியில் நின்றது.

அப்போதுதான் திலீப் படி இரண்டு இரண்டாகத் தாவி வந்தான். காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்கு வந்தவன் என்று அவன் சித்தப்பன்மார் இன்னமும் கேலி பேசுகிறார்கள்.

"அக்கா, லைனு நாறிப்போச்சி. நம்ப 'முறை' இல்ல. காலைல ஒம்போதுலேருந்து தொறந்தா நங்கூரம் வரிசைன்னு ஒரு கலீஜு வந்து நிக்குது. ரோட்டுல ஒர்த்தன் சட்டைய ஒர்த்தன் புட்சிகினு கீறான்."

ஞானசெல்வி ஷிபினைப் பார்த்தாள். "அஞ்சு மணின்னு சொன்ன."

"டெக்னிக்கல் டீம் கொஞ்சம் முன்னாடியே..."

"கையெழுத்துக்கு முன்னாடியே."

அவன் காகிதத்தை நேராக்கி வைத்தான். திலீப் அவனை இப்போதுதான் கவனித்தவன்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"சார், உங்க ஆப்புல கட்டைன்னு ஒரு பொத்தான் கீதே. அத்த யாரு அமுக்கணும்?"

"வரிசையை விட்டுப் போற டிரைவர்."

"செத்தாண்டா" என்றான் திலீப், யாரிடமும் இல்லாமல்.

எண்ணூர் விரைவுச் சாலையில் அந்த வரிசை சில நாள் பத்து மணி நேரம் நிற்கும், சில நாள் இருபது. நடுவில் டயர் போகும், டீசல் தீரும். அப்படி வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவன், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டையில் தன் வண்டி எண்ணைச் சாக்பீஸால் எழுதித் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போவான். பின்னால் நிற்கிறவன் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் காவல் காப்பான். வரிசை நகர்ந்தால் கட்டையையும் நகர்த்துவான். பின்னால் நிற்கிறவன் ஒப்புக்கொள்ளாத கட்டை வெறும் விறகு. அதனால்தான் 'முறை'யில் அந்தப் பொத்தானைப் பின்னால் நிற்பவனின் போனில் மட்டும் வைத்திருந்தாள். அதைக் கண்டுபிடிக்கவே அவளும் திலீபும் ஒரு மாதம் ரோட்டில் நின்றார்கள்.

"எழுபது பக்கத்துல எழுதியிருந்தேனே" என்றாள்.

"எழுதியிருந்தீங்க. ஆனா போறவன் ஒருத்தன், பொத்தான் இன்னொருத்தன்கிட்டன்னா பயன்படுத்தறவங்களுக்குச் சிரமம்னு எங்க டிசைன் டீம் எளிமையாக்கிட்டாங்க."

"எளிமையாத்தான் பூட்ச்சி சார்" என்றான் திலீப். "மாதவரத்துல டீ குட்சிகினே ஒர்த்தன் கட்டை வெச்சிட்டான். வள்ளூர்ல ஒர்த்தன் வூட்டுல பாயில படுத்துகினு வெச்சிகீறான். எழுபது வண்டி லைன்ல கீது, ரோட்டுல இல்ல. ராத்திரிலேருந்து நிக்கிறவன் இப்ப எழுபது பேருக்குப் பின்னாடி."

ஷிபினின் போன் அடித்தது. ஜன்னலோரம் போய் நின்று தாழ்ந்த குரலில் பேசினான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஆனால் மாடி சின்னது. தவறு பார்ட்னரின் வடிவமைப்பிலேயே இருந்தது, எழுத்து மூலமாக ஆதாரம் இருக்கிறது, நான் அவர்களைக் கொண்டே சரி செய்ய வைக்கிறேன் என்று அவன் சொல்வதை அவள் முழுசாகக் கேட்டாள்.

அவன் திரும்பியபோது அவள் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வா, ரோட்டுக்குப் போவோம். இப்ப போன்ல சொன்னதை அங்கன வந்து சொல்லு."

"அக்கா, அது மேலிடத்துக்கு ஒரு பேச்சுக்கு..."

"அக்கான்னு சொல்லாத. காரை எடு."

அவள் திலீபின் பைக்கில் முன்னால் போனாள். திருவொற்றியூர் தாண்டியதுமே டிரெய்லர்கள் தொடங்கிவிட்டன. கடல் பக்கம் கருங்கல் குவியல், அதை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாகக் கன்டெய்னர்கள். டிரைவர்கள் கூட்டம் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் பஷீர் பாய் அகப்பட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவர். வரிசையில் தகராறு என்றால் அவர் சொல்வதுதான் முடிவு.

"வாம்மா. நீ வெச்ச ஆப்பு எங்களுக்கு ஆப்பு வெச்சிச்சி" என்றார்.

அவள் பதில் சொல்லும் முன்பே பின்னால் ஒரு சத்தம். மரம் நசுங்குகிற சத்தம்.

ஷிபின் தன் வெள்ளைக் காரை நிறுத்த இடம் தேடியிருக்கிறான். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே அம்சமாக ஒரு காலி இடம் தெரிந்திருக்கிறது. நேரே விட்டுவிட்டான். கார் சக்கரத்துக்கு அடியில் கட்டை ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதில் சாக்பீஸ் எண் பாதி தெரிந்தது.

அவ்வளவு நேரம் அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"அய்யாத்துரை கட்டை" என்று யாரோ சொன்னார்கள்.

அய்யாத்துரை பஞ்சர் ஒட்டிக்கொண்டு அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தான். பார்த்தான். காருக்குப் பக்கத்தில், கதவு திறக்க முடியாதபடி ஒட்டினாற்போல், நாற்பதடி டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, மறுபக்கம் கருங்கல். எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தான்.

"யாரும்மா இந்த மகராசன்?" என்றார் பஷீர்.

"நங்கூரம் கம்பெனி. அந்தப் பொத்தானை எடம் மாத்தினது இவங்கதான்."

"அப்டியா. தோ பாரு, கட்டை மேல ஏத்துனவன லைனு லேசுல வெளிய வுடாதுன்னு உனக்குத் தெரியும். உங்க ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லு. வண்டிய நகத்தி வெளிய வுட்டுர்றோம். உன் மூஞ்சிக்கோசரம்."

ஷிபின் கருங்கல் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். முகம் வேர்த்திருந்தது.

"அக்கா, சொல்லுங்கக்கா. 'முறை'யை இப்பவே திரும்ப ஏத்தச் சொல்றேன். கையெழுத்தும் வேணாம். கடையில அப்படியே இருக்கட்டும்."

அவள் கற்களின் மேல் கால் பார்த்து வைத்து ஜன்னலருகே போனாள். மூன்று வருஷ உழைப்பு அவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் திரும்பி வருவதாக இருந்தது.

"சரி. ஒங்க மேலிடத்துக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல. தப்பு பார்ட்னர் மேல இல்ல, நாங்க மாத்தினதுன்னு இவங்க எல்லாருக்கும் கேக்க ஒரு தரம் சொல்லு."

ஷிபின் போனைப் பார்த்தான். விரலைக் கொண்டுபோனான். எடுத்துக்கொண்டான்.

"அதையெல்லாம் இப்படி ரோட்டுல வச்சு எப்படிக்கா..."

"என் பேரை மாடியில வச்சுச் சொல்ல முடிஞ்சுதுல்லா."

அவள் திரும்பி வந்தாள்.

"எங்க ஆளு இல்ல பாய்."

பஷீர் தலையாட்டினார். "அப்ப கம்பெனி?"

"அதுவும் இல்ல. நம்பலாம்னு சொன்னது நான். அதை நானே திருப்பி எடுத்துக்கிடுதேன். நாப்பத்தொரு யார்டுக்கும் நாளைக்குப் போயி நானே சொல்லுவேன்."

"உன் ஆப்பு?"

"அவங்க வாசல் வழியா நொழைஞ்சது. வாசல் போனா அதுவும் போகும்."

திலீப் பஷீரிடம் சாக்பீஸ் வாங்கிக்கொண்டு, துறைமுக வாசல் பக்கமிருந்து ஒவ்வொரு டிரெய்லராக எண் போட்டுக்கொண்டு வந்தான். ரோட்டில் இருக்கிற வண்டிக்கு மட்டும் எண். மாதவரத்துக்கும் வள்ளூருக்கும் இல்லை. டிரைவர்கள் பின்னாலேயே நடந்து சரிபார்த்தார்கள். அய்யாத்துரையின் எண் கட்டைக்குப் பதிலாகக் காரின் பானட் மேல் எழுதப்பட்டது.

ஐந்து மணிக்குக் காருக்குள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"அக்கா, எப்பதான் விடுவாங்க?"

திலீபின் வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி ஞானசெல்வி சொன்னாள்.

"பின்னாடி நிக்கிறவனைக் கேளு."