கடைசியாகப் பார்த்தவர்

காலை ஏழரை மணிக்கு விழித்த அரங்கசாமி, பக்கத்தில் யாரோ கையைப் போட்டுக்கொண்டு கிடப்பதாக நினைத்து ஒரு நொடி பயந்துபோனார். அப்புறம்தான் அது தன்னுடைய இடது கை என்று தெரிந்தது. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அந்த வீட்டுக்குள் வேறு யார் கை இருக்கப்போகிறது?

அமுக்கிப் படுத்துவிட்டோம் என்று கையை உதறிப் பார்த்தார். உணர்வு வரவில்லை. இடது காலிலும் கன்னத்திலும்கூட அதே மதமதப்பு. சரி, வாயுவாக இருக்கும் என்று மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தார். மோர் உதட்டோரமாக வழிந்தது. சர்க்கரையாக இருக்குமோ? கழுத்து எலும்பு தேய்ந்திருக்குமோ? முப்பத்திரண்டு வருஷம் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். ஓடாத மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் அவர் பிழைப்பு. தன் உடம்பையும் அப்படியே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் வேலையே இருந்திருக்காது. கண்ணாடியில் பார்க்காத மனுஷனுக்குத் தன் வாய் கோணிக்கொண்டு போவது எப்படித் தெரியும்?

கனடாவில் இருக்கும் மகள் மோகனப்பிரியாவைக் கூப்பிடலாமா என்று செல்போனை எடுத்தார். அங்கே குழந்தையைத் தூங்கவைக்கிற நேரம், பயந்துபோய்விடுவாள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. கை மரத்ததைவிட அதுதான் அவருக்குத் திகிலாக இருந்தது.

தட்டுத் தடுமாறி வெளியே வந்து கேட்டைத் திறந்தார். இடது கால் செருப்பு வாசல்படியிலேயே கழன்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பங்காரம்மா.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். ஆனால் இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. கார்ப்பரேஷன் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம், விடியற்காலையில் வரும். அரங்கசாமி குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சினார். தொழில் தெரிந்த கை அல்லவா, பங்காரம்மா வீட்டுக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. அந்த அம்மாள் புகார் கொடுக்க, தெருவே பார்க்க ஆட்கள் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாயாய் அலைந்து அதை மீட்டு வந்த அரங்கசாமி, மாடிப்படிக்குக் கீழே போட்டதோடு சரி. அப்புறம் மோட்டாரையும் தொடவில்லை, பங்காரம்மாவிடமும் பேசவில்லை.

பங்காரம்மா அவர் காலைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"இவரு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு சொல்லுங்க" என்றார் ஆட்டோக்காரரிடம். அரங்கசாமி இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க, வாயுன்னு சொல்லுங்க" என்றார் அவரும் ஆட்டோக்காரரிடமே. வார்த்தை குழறியது.

"வாயு வந்தா வாய் கோணாதுன்னு சொல்லுங்க."

யாரிடம் எதைச் சொல்வதென்று ஆட்டோக்காரர் முழித்தார். பங்காரம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நவ்யா கையையும் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"ஒரு பக்கம் மரத்துப்போறதுக்கு நெறைய காரணம் இருக்குங்க சார். கழுத்து நரம்பு, சர்க்கரை, ஒத்தைத் தலைவலிகூட இருக்கலாம். ஆனா உங்களுக்குக் கையில வலுவும் இல்லை, வாயும் கோணுது. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புங்க. கசிவு எதுவும் இல்லை. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடோணும். அதுக்கு மேல போட்டா ரத்தம் கசிஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க?"

"எந்திரிக்கும்போதே இப்படித்தானுங்க."

"அதுக்கு முன்னாடி?"

"ராத்திரி ஒம்பதுக்குப் படுத்தனுங்க. அஞ்சரைக்கு எந்திரிச்சுத் தண்ணி புடிச்சுப்போட்டு மறுபடியும் படுத்துட்டனுங்க."

"தண்ணி புடிக்கறப்ப கை நல்லா இருந்துச்சுங்களா?"

கடைசிக் குடம் நழுவித் தண்ணீர் கொட்டியது அரங்கசாமிக்கு ஞாபகம் இருந்தது. எந்தக் கையிலிருந்து? அப்போதே மரத்துவிட்டதா? யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்பியது.

"தெரியலீங்க."

"அந்த நேரத்துல உங்களைப் பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

சுவர்க் கடிகாரம் ஒன்பதேகால் காட்டியது. ஆறு மணிக்கு நன்றாக இருந்தார் என்றால் ஊசிக்கு நேரம் இருக்கிறது. கடைசியாக நன்றாக இருந்தது ராத்திரி ஒன்பது என்றால் இல்லை. அவருடைய கையும் காலும் திரும்பி வருவது, இந்தக் கோயமுத்தூரில் யாராவது ஒருத்தர் அவரைப் பார்த்தாரா என்பதில் வந்து நின்றது.

"என்னை யாருங்க பார்க்கறாங்க? ஒண்டிக்கட்டைங்க" என்றார்.

கதவோரம் நின்ற பங்காரம்மா முன்னால் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் பார்த்தனுங்க அம்மணி" என்று டாக்டரிடம் செல்போனை நீட்டினார்.

வீடியோவில் ஜன்னல் கம்பிக்கு அப்பால், தெருவிளக்கு வெளிச்சத்தில் அரங்கசாமி குழாயடியில் நிற்கிறார். வலது கையில் குடம். லுங்கி அவிழ்கிறது. இடது கையால் வெடுக்கென்று பிடித்து, அந்த ஒரே கையால் சுருட்டிச் சொருகுகிறார். அந்த அவசரத்தில் வலது கைக் குடம் நழுவுகிறது. குடத்தை வைதுகொண்டே மறுபடி நிரப்பி இடது தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறார். நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு.

டாக்டர் இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"இதை எதுக்குங்க எடுத்தீங்க?"

"மறுபடியும் மோட்டார் போட்டா ஆபீசுல காட்டோணுமில்லீங்க. தண்ணி வர்ற நாளெல்லாம் எடுப்பனுங்க."

"நீங்க சாருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து ஊடுங்க. பேசிக்கறதில்லீங்க."

அரங்கசாமி வலது கையால் கையெழுத்துப் போட, ஊசி ஏறியது. அன்று சாயங்காலமே விரல்கள் லேசாக அசைந்தன. ஆறு வருஷமாக எட்டு நாளைக்கு ஒரு தரம், தனக்காகவே ஒரு மனுஷி விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார். கரித்துக்கொட்டிக்கொண்டேதான் பார்த்திருப்பாள். இருந்தாலும் பார்த்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது.

மகள் பறந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. அவள் போன பிறகு முதல் தண்ணீர் நாளன்று, அரங்கசாமி ஐந்து மணிக்கே எழுந்து முகம் கழுவித் தலை வாரி, சட்டை போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனார். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அடுத்த தடவையும் அப்படியே. சீக்காளியைச் சந்தேகப்படுவது பாவம் என்று பங்காரம்மா நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இனிமேல் அரங்கசாமியைப் பார்க்க இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் ஒரு காரணமும் இல்லை. நன்றி சொல்லக் கூப்பிடலாம்தான். "ஏனுங்க" என்று வாய்வரைக்கும் வரும், ஆறு வருஷத்து வீம்பு அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

மூன்றாவது தண்ணீர் நாளன்று மாடிப்படிக்குக் கீழே குனிந்து அந்த மோட்டாரை இழுத்தார். உள்ளே செம்புக்கம்பிக் காயில் கருகி, ஒயர் அறுந்து கிடந்தது. பலமில்லாத இடது கையையும் சேர்த்துக்கொண்டு தரதரவென்று இழுத்து வந்து, குழாய்க்குப் பக்கத்தில் சத்தம் கேட்கும்படி நங்கென்று வைத்தார்.

ஜன்னல் திறந்தது.

"ஏனுங்க, செத்துப் பொழைச்சு வந்தும் புத்தி வரலீங்களா?"

நடுவில் ஆட்டோக்காரர் யாரும் இல்லை. நேராக அவரிடமேதான் கேட்டார்.

"இது ஓடாதுங்க. காயில் கருகிப்போச்சு."

"அப்பறம் எதுக்குங்க இழுத்துட்டு வந்தீங்க?"

"ரெண்டு தரமா நீங்க ஜன்னலே தொறக்கலீங்களே" என்றார் அரங்கசாமி.

பங்காரம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் செல்போன் இருந்தது. அதைக் கம்பியோடு சாய்த்து அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

"குடத்தை எடது கையில எடுங்க" என்றார்.