தையில் சிறுக்கும் வீடு

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் சந்தில், அழகியமணவாளனின் வீடு ஆடியிலும் மார்கழியிலும் பெரிதாகிவிடும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் உள்ள மாதங்களில் சிறுத்துவிடும். மற்ற மாதங்களில் எல்லா வீட்டையும் போல இருக்கும். இதை நாங்கள் அதிசயமாகப் பேசியதில்லை. சந்தில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் பீறிட்டு வரும், அடுத்த வீட்டில் சொட்டும். அதைப் போல இதுவும் ஒரு சங்கதி என்று வைத்துக்கொண்டோம். வீடு வடபக்கம் வளர்கிறதா தென்பக்கம் வளர்கிறதா என்பதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. இரண்டு கட்சி இல்லாமல் எங்கள் ஊரில் எந்த விஷயம் நடந்திருக்கிறது?

விற்க வேண்டிய தேவை வராதவரை வீட்டால் தொந்தரவு இல்லை. வைகுண்ட ஏகாதசிக்குச் சென்னையிலிருந்து வரும் உறவுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு அறை கிடைக்கும். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவருவதற்குள் காபி ஆறிவிடும் என்பது ஒன்றுதான் குறை. தையில் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஃபிரிட்ஜைச் சந்தில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். வீட்டு வரிக்காக அளக்க வந்தவர் ஆடியில் வந்து அளந்துவிட்டுப் போனார். மணவாளன் வருடம் முழுக்க ஆடிக்கான வரியையே கட்டினார்; சண்டை போடக் கூச்சம்.

அவர் மனைவி வேதவதிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. பதவி உயர்வு வந்தது, கூடவே கோயம்புத்தூருக்கு மாற்றலும் வந்தது. மணவாளன் கணக்கு வாத்தியார். வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் வழியாக டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர், எந்த ஊரிலும் இருக்கலாம். பிள்ளைகள் கிடையாது, அவருக்கு அவள், அவளுக்கு அவர். வேதவதி முதலில் போய் ஒரு அறை எடுத்துத் தங்குவது, மணவாளன் நல்ல மாதமாகப் பார்த்து வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய்ச் சேர்ந்துகொள்வது, அந்தப் பணத்தில் அங்கே ஒரு ஃப்ளாட் வாங்குவது என்று ஏற்பாடு.

நல்ல மாதம் எது என்று அவர் எங்களைக் கேட்டார். ஆலோசனை சொல்வதில் நாங்கள் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஆடி கூடவே கூடாது என்றோம். மார்கழியைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றோம். புரட்டாசிக்கு ஒருவர் ஆட்சேபம் சொன்னார், பங்குனிக்கு இன்னொருவர். சித்திரை வெயிலில் எவன் வீடு பார்க்க வருவான்? ஐப்பசி மழையில் ஒழுகுவது தெரிந்துபோகும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் தை நின்றது. தையில் விற்றுவிடுங்கள் என்று ஒரே குரலில் சொன்னோம். இரண்டு கட்சியும் சேர்ந்து சொன்னது அந்த ஒரு தடவைதான். வீடு தையில் சிறுக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, கணக்கு வாத்தியார் உட்பட. படித்தவர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது.

தில்லைநகர் புரோக்கர் தர்மராஜ் தையில் ஆட்களைக் கூட்டிவந்தார். முசிறியிலிருந்து வந்த வாழைக்காய் வியாபாரி தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து, இதற்குள் ஒரு வாழைத்தாரை நிமிர்த்திவைக்க முடியாதே என்று வருத்தப்பட்டார். துறையூர்க்காரர் ஒருவர் முழங்காலில் தவழ்ந்து பின்கட்டு வரை போனார். திரும்புவதற்கு இடமில்லாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்தார். அடுத்த வருடம் மணவாளன் ஒரு தந்திரம் செய்தார். ஆடியிலேயே வீட்டைக் காட்டி, கிரயத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி அட்வான்ஸும் வாங்கினார். தையில் சாவி வாங்க வந்த ஆள் வாசலிலேயே நின்று, இது வீட்டோட நாய்க்கூண்டுங்களா, வீடு எங்கேங்க என்று மரியாதையாகக் கேட்டார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார் மணவாளன். பிறகு இன்னொரு தை வந்தது, இன்னொன்றும் வந்தது. காவேரியில் தண்ணீர் வந்தது, போனது. நாங்கள் மட்டும் சொல் மாறவில்லை. அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றோம்.

வேதவதி முதலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தாள். பிறகு மாதம் ஒருமுறை ஆனது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. போன வருடம் பதினெட்டாம் பெருக்குக்கு வந்தாள். ஆடி என்பதால் வீடு விரிந்து கிடந்தது. அவள் ஒரு கோடியில் துணி மடித்துக்கொண்டிருக்க, இவர் இன்னொரு கோடியில் டியூஷன் எடுத்தார். சாப்பிட வாங்கோ என்று போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், இலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏன்னா, எனக்கு பயமா இருக்கு. நீங்க இல்லாம இருக்கறது பழகிண்டு வரது."

இந்தத் தை மட்டும் வரட்டும் என்பதுதான் மணவாளன் வாயில் வந்தது. அவள் இலையை எடுத்தாள், சாயங்கால பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பழகிவிட்டால் தன்னை எதற்கு வேண்டும் என்ற எண்ணம் அவரைத் தின்றது. எங்களிடம் வந்து சொல்லவும் சொன்னார். தை வந்தால் எல்லாம் சரியாகும் என்றோம். அந்த நேரத்தில் எங்கள் வாயை யாராவது தைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அந்த வாரமே பாலக்கரையிலிருந்து நிஜாமுதீனும் அவர் மனைவி ஜெஸிமாவும் வீடு பார்க்க வந்தார்கள். ஆடி மாதத்தில் எவரும் வீடு தேடுவதில்லை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. நிஜாமுதீன் சவூதியில் தம்மாமில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது பிள்ளைகள் எல்லோரும் குடும்பத்தோடு வளைகுடாவில் இருக்கிறார்கள். ஸ்கூல் லீவுக்கு அவர்கள் வருவது ஆடியில், அதை விட்டால் மார்கழியில். ஜெஸிமா அறை அறையாகப் போய், இது மூத்தவனுக்கு, இது சின்னவன் கலீமுக்கு என்று பங்கு வைத்தார். மணவாளனுக்கு மனசு கேட்கவில்லை. இது தையில் இப்படி இருக்காது, இரண்டு பேர் ஒடுங்கி உட்காரத்தான் இடமிருக்கும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். போச்சு, இவர்களும் போய்விட்டார்கள் என்றே நினைத்தார். ஜெஸிமா புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவும் நல்லதுதாங்க. நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து இவங்க என்கூட இருந்ததெல்லாம் லீவு நாள்தான். இப்ப வந்தும் வாசல்ல ஒரு மூலை, மாடியில ஒரு மூலைன்னு தனியாவே உட்காந்திருக்காங்க, பழகிப்போச்சு. வீடு சின்னதாச்சுன்னா என் பக்கத்துலதானே உட்காந்தாகணும்."

நிஜாமுதீன் தரையைப் பார்த்தார். மணவாளனும் தரையைத்தான் பார்த்தார். இத்தனை தையும் அந்தப் பொந்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாங்க வருபவனுக்கு இடம் போதவில்லையே என்று அழுதது அவருக்கு ஞாபகம் வந்தது. தன் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆடி முடியும் முன்பே கிரயம் ஆனது. அஷ்டமி, ராகுகாலம். முஸ்லிம் குடும்பத்துக்கு விற்பதா என்று முணுமுணுக்கக் கிளம்பியவர்கள்கூட, ஆடியில் பத்திரமா என்ற அதிர்ச்சியில் அதை மறந்துபோனார்கள். மணவாளன் எவரிடமும் ஆலோசனை கேட்காமல் ஒரு பையோடு பஸ் ஏறினார். கோயம்புத்தூரில் கதவைத் திறந்த வேதவதி, ஆடியிலயா வித்தேள் என்று முதலில் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அறையில் ஒரே நாற்காலிதான் இருந்தது. அவர் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தார். பிறகு அவளும் தரைக்கு வந்துவிட்டாள் என்று அவரே எங்களுக்குப் போனில் சொன்னார்.

இப்போது தை நடக்கிறது. வீடு வழக்கம்போலச் சிறுத்திருக்கிறது, இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே. மத்தியானத்தில் நிஜாமுதீன் படுத்தால் அவர் கால்கள் வாசலைத் தாண்டிச் சந்தில் நீண்டிருக்கும். அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஜெஸிமாவின் கால்களும் இருக்கும். பால் வாங்கப் போகும்போது நாங்கள் சைக்கிள் மணியை அடிக்காமல், சற்று ஒதுங்கிப் போகிறோம்.