நெருப்புக்கான காற்று

சித்திரை ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சாந்தன்பாறையில் கருத்தப்பாண்டியின் வீட்டை விட்டு நெருப்புக்கான காற்று வெளியேறிப் போனது. மூச்சு விடுவதற்கான காற்று இருந்தது. கொடியில் கிடந்த வேட்டியை அசைக்கவும், வாசலில் நின்ற ஏலச்செடியின் இலையைப் புரட்டவும் வேண்டிய காற்றுக்குக் குறைவில்லை. நெருப்பு தின்னும் காற்று மட்டும் இல்லாமல் போனது. அந்த நேரத்தில் கருத்தப்பாண்டி வீட்டில் இல்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறங்கி, உயிரோடு இருக்கிற மகள் சிவசங்கரியைத் தலைமுழுகிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் அவள் ஜீப் டிரைவர் செபாஸ்டினோடு போய்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்படியே அவனுடைய ஊரான வட்டவடைக்குப் போய்விட்டாள். கருத்தப்பாண்டி மூன்றாவது முறை முங்கி எழுந்தபோது, வீட்டில் அவர் மனைவி சாந்தம்மாள் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருந்த எண்ணெய் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாகி, பிறகு சிவந்து, கறுத்த நாக்கை நீட்டிப் பாத்திரத்தை நக்கியது.

வேறு வீடாக இருந்தால் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அந்த வீட்டில் அப்படி முடியாது. அந்தப் பகுதியின் மாரியம்மன் கோவிலில் மாசிக்கொடைத் திருவிழாவுக்கு ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமைக்கும் உரிமை கருத்தப்பாண்டியின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உண்டு. சாப்பாடு முடிந்ததும், சோறு வடித்த கிடாரத்தைச் சந்நிதிக்கு முன்னால் கவிழ்த்து வைப்பார்கள். அந்தக் குடும்பத்து மூத்த ஆண் புதிய வெள்ளைத் துண்டால் கிடாரத்தின் அடியை ஒருமுறை அழுத்தித் துடைத்து, துண்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக் கோவிலை ஒரு சுற்று வருவார். துண்டு வெள்ளையாக இருக்க வேண்டும். நாற்பத்தொரு வருடம் அது வெள்ளையாகவே இருந்தது. அடுப்பை மூட்டுவதும் திருகுவதும் அந்த வீட்டார் கையால்தான் நடக்க வேண்டும். அடுத்தவர் கை பட்டால் உரிமை போய்விடும். மற்ற ஊர்களில் கரி என்றால் கரி. அந்த ஊரில் அது ஒரு குடும்பத்தைப் பற்றிய பேச்சு.

கருத்தப்பாண்டியின் அடுப்பு மூணாறு ரிசார்ட்டுகளில் பொரித்துக் கழித்த எண்ணெயில் எரிவது. ஆளுயர ஸ்டாண்டின் மேல் எண்ணெய் டப்பா, அதிலிருந்து வளைந்து இறங்கும் செம்புக் குழாய், நுனியில் ஒரு திருகு, கீழே எண்ணெய் சொட்டும் இரும்புக் கிண்ணம், பக்கவாட்டில் காற்றடிக்கும் புளோயர். எண்ணெய் கூடி காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகிப் புகைந்து கரி பிடிக்கும். காற்று கூடி எண்ணெய் குறைந்தால் சுடர் கிண்ணத்தை விட்டு எழும்பி, தத்தளித்து, அணைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் அடுப்பு தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இரையும். கருத்தப்பாண்டி சுடரைப் பார்க்கவே மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதால் கேட்டுத் திருகுவார்.

அன்று ஈர வேட்டியோடு வந்தவர், சாந்தம்மாள் எண்ணெயைக் கூட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்துத் திருகைக் குறைத்தார். சுடர் சிறுத்ததே தவிர நிறம் மாறவில்லை. புளோயரை முழுதாகத் திறந்தார். அடுப்புக்கு எதிரில் வைத்த வாழைச்சருகு சுவர்வரை பறந்தது; சுடர் அதே மஞ்சளில் நின்றது. குழாயைக் கழற்றி ஊதினார். கிண்ணத்தைச் சுரண்டினார். கோயம்புத்தூரிலிருந்து புதுப் புளோயர் வரவழைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு, கோளாறு அடுப்பில் இல்லை என்பது உறுதியானது. சாமி விளக்கு புகைந்து மேற்கூரை கறுத்தது. அவர் பக்கத்து வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. அந்த வீட்டு அடுப்பைத் தொட்டால் அதுவும் புகைந்தது. வீட்டுச் சமையலுக்கு அடிமாலியிலிருந்து ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினார்கள். நெருப்பே இல்லாத அடுப்புக்குக் காற்று தேவைப்படவில்லை. ஆனால் அதன்மேல் கிடாரத்தை ஏற்ற முடியாது. மாசிக்கொடைக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

கார்த்திகையில் சாந்தம்மாள், தேனியில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் வட்டவடைக்கு ஜீப் ஏறினாள். சிவசங்கரி அப்போது ஐந்து மாதம். தாய் வந்த சந்தோஷத்தில் அவள் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள். அந்த அடுப்பு அப்படியொரு நீலத்தில் எரிந்தது. தங்கள் வீட்டை விட்டுப் போன காற்று எங்கே வந்து தங்கியிருக்கிறது என்று சாந்தம்மாளுக்கு அப்போது விளங்கியது. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சிவசங்கரி யோசிக்கவில்லை. கணவனின் பழைய ஜீப் டியூப்கள் நான்கை எடுத்து, கதவை அடைத்துக்கொண்டு, பம்பால் தன் வீட்டுக் காற்றை அவற்றில் அடைத்துக் கொடுத்தாள்.

டியூப் ஒன்றின் வாயைப் புளோயரில் பொருத்தியதும் கருத்தப்பாண்டியின் அடுப்பு இரைய ஆரம்பித்தது. ஒரு டியூப் ஒரு கிடாரத்துக்குத் தாராளமாகக் கண்டது. அவர் வெகுநேரம் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்க உள்ள காத்து இது?" என்று கேட்டார்.

"பாலக்காட்டுக் காத்துங்க. அங்க கணவாயில எந்நேரமும் அடிச்சிக்கிட்டுத்தான கெடக்கும். டியூப்ல பிடிச்சிக் குடுக்காக."

கருத்தப்பாண்டி மூக்கை உறிஞ்சினார். "பாலக்காட்டுல பூண்டு வெளையுமா?"

"வெளையுதுன்னுதான் சொல்லுதாக," என்றாள் சாந்தம்மாள்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வட்டவடைப் பூண்டின் வாசனை தெரியாத மனிதர் அந்த மலையில் கிடையாது. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். பதில் வந்திருந்தால், தலைமுழுகிய பிள்ளையிடம் கைநீட்டி வாங்கியவராக அவர் ஆகியிருப்பார். அந்த மாசியில் துண்டு வெள்ளையாக இருந்தது. அடுத்த மாசியிலும், அதற்கடுத்த மாசியிலும் அப்படியே. வருடத்துக்கு ஒருமுறை பாலக்காட்டுக் காற்று நான்கு டியூப்களில் வந்து இறங்கியது. சிவசங்கரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்தது. சாந்தம்மாள் சில நாள் சுவரைப் பார்த்து, "பல்லு மொளைச்சிட்டு" என்றோ, "பூனைன்னா பயமாம்" என்றோ சொல்வாள். கருத்தப்பாண்டி சுவருக்கு வந்த சேதியைக் கேட்காதவர்போல் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நான்காவது வருடம், கொடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பட்டப்பகலில் செபாஸ்டினின் ஜீப் அந்த வாசலில் வந்து நின்றது. அவன் நான்கு டியூப்களையும் இறக்கி வேலியில் சாய்த்தான். வேலிக்கு இந்தப் பக்கம் காலை வைக்கவில்லை.

"மாமா," என்று கூப்பிட்டான்.

"யாருக்கு யாரு மாமா?" என்றார் கருத்தப்பாண்டி.

"சரி, பெரியவரே. அவ நெறச்சிக் குடுத்தா, கொண்டாந்துட்டேன். இந்த வருசத்துக்கு ஆச்சு. அடுத்த வருசம் நெறைக்க ஆளு இருக்குமான்னு எனக்குத் தெரியல."

சாந்தம்மாள் ஓடிவந்தாள். "என்னய்யா சொல்லுத?"

"மூணு படி ஏறினா உக்காந்துர்றா அத்தை. ஆஸ்பத்திரியில காட்டியாச்சு; நெஞ்சுல ஒரு கொறையும் இல்லைங்கிறாங்க. அவளச் சுத்தித்தான் காத்து நிக்க மாட்டேங்குது. முத்தத்துல கட்டிலப் போட்டுப் படுக்க வச்சும் பாத்தாச்சு. மரமெல்லாம் ஆடுது, அவ முடி ஆடல. வீட்டு அடுப்பு இப்ப புகையத் தவிர ஒண்ணும் விடல. புள்ளைக்குப் பால் காய்ச்ச அடுத்த வீட்டுக்குத்தான் ஓடுறேன். எங்க வீட்டுல நெருப்புக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணுன்னு ரெண்டு காத்து இல்ல போல இருக்கு. இருந்தது ஒண்ணுதான்."

"பொறவு எதுக்குய்யா அவ நெறச்சா?"

"நானும் அதத்தான் கேட்டேன். எங்கப்பா துண்டு வெள்ளையா இருக்கணும்கிறா."

கருத்தப்பாண்டி எழுந்து நின்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "இந்த வீட்டுல பொண்ணு கெடையாது. தம்பி வீடு மாறி வந்துட்டாப்புல தெரியுது."

செபாஸ்டின் ஜீப்பில் ஏறினான். "கல்லுக்குக்கூட ஒரு சூடு இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினான். சாந்தம்மாள் அன்று முழுவதும் அழுதாள். கணவனோடு பேசவில்லை. டியூப்கள் அவர் கட்டிலுக்கு அடியில் போயின.

இரண்டு நாள் கழித்து, ராஜாக்காட்டில் எண்ணெய் டப்பாவுக்கு ஈயம் வைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டப்பாவை எடுக்காமல், நான்கு டியூப்களையும் கயிற்றில் கோர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு கருத்தப்பாண்டி முதல் பஸ் ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். கண்டக்டர், "என்ன பெரியவரே, கடல்ல குளிக்கவா? உங்களுக்கு ஒண்ணு, இதுக்கு நாலு, அஞ்சு டிக்கெட் கிழிக்கட்டா?" என்றான். "காத்துக்கு டிக்கெட் உண்டுன்னா கிழி," என்றார் அவர். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழித்தான். மூணாற்றில் இறங்கி ஜீப் மாறினார். செபாஸ்டினைத் தெரிந்த டிரைவர் ஒருவன் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தான். வட்டவடையில் கேரட் பாத்திகளுக்கு நடுவே, தோளில் டியூப்களோடு நெஞ்சு நிமிர்த்தி அவர் ஏறிப் போனதை வயலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டின் பின்பக்கம் பூண்டுக் காட்டைப் பார்த்த சன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் போர்த்திய உருவம் ஒன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. மூலையில் அடுப்பு கறுப்பாகப் புகைந்துகொண்டிருந்தது. அவர் முதல் டியூபின் வாயைச் சன்னல் கம்பிக்குள் நுழைத்துத் திறந்துவிட்டார். அது சீறிக்கொண்டு உள்ளே போனது.

"யாரு அங்க?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி, "யாருங்க?" என்றது.

தலைமுழுகியவளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. அவர் இரண்டாவது டியூபைத் திறந்தார். மூன்றாவது தீரும்போது போர்வை சீராக ஏறி இறங்க ஆரம்பித்தது. நான்காவது பாதியானபோது மூலையில் அடுப்பு நீலமாகி இரைந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். திரியைக் கொஞ்சம் இறக்கலாம், எண்ணெய் ஒரு பொட்டு கூடுதல் என்று அவர் காதுக்குப் பட்டது. சொல்லவில்லை. தட்டையாகிப் போன டியூப்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

கொடையன்று காலை, டியூப் இல்லாமல் அவர் அடுப்பை மூட்டுவதைச் சாந்தம்மாள் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அரிசியைக் களையப் போனாள். பத்து மணிக்குக் கோவில் கோபுரம் புகையில் மறைந்தது. ஆயிரத்து இருநூறு பேரும் இலையில் கரித்துகள் விழுந்த சோற்றைத் தின்றார்கள். பாயசம் சாம்பல் நிறமாக இருந்தது. குழந்தைகளின் பல் கறுத்தது. கிடாரத்தைக் கவிழ்க்கும் நேரம் வந்தபோது கோவில் கமிட்டித் தலைவர் ராஜசேகர் அவரைத் தனியாக இழுத்துப் போனார்.

"அண்ணாச்சி, இந்த வருசம் தொடைக்க வேண்டாம். கெடாரம் சூடா இருக்குன்னு மைக்குல சொல்லிருதேன். எண்ணெய் மோசம்னு பேசி முடிச்சிருவோம். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"தொடைக்காமப் போனா அது எங்க குடும்பம் இல்ல," என்றார் கருத்தப்பாண்டி.

துண்டை மடித்து, எப்போதும்போல் அழுத்தித் துடைத்தார். அது தார் ரோட்டின் நிறத்துக்கு வந்தது. அதை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, வழக்கமாக நடப்பதைவிட மெதுவாகக் கோவிலைச் சுற்றி வந்தார். மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். முழங்கை வழியே கரி வழிந்து இறங்கியது. யாரோ ஒருவன் சிரித்தான். அவன் தாயே அவன் வாயைப் பொத்தினாள். காரணம் என்ன என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சமையல் உரிமை அந்த மாதமே பூப்பாறைக் குடும்பம் ஒன்றுக்குப் போனது. கமிட்டிக்காரர்கள் சேதி சொல்ல வந்தபோது அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து அனுப்பினார். விஷயம் ஜீப் டிரைவர்கள் மூலமாக ஒரு வருடத்துக்குள் மலை முழுவதும் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் முன்னால் அதை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

சிவசங்கரி எழுந்து நடமாடினாள். பூண்டு உரிக்கப் போனாள். இரண்டாவதாக ஒரு மகன் பிறந்தான். அவள் வீட்டு அடுப்பு நீலமாக எரிந்தது. தகப்பன் வீட்டுப் படியை அவள் மிதிக்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டுக்கு நெருப்புக்கான காற்று திரும்பவும் வரவில்லை. சாமி விளக்குக்குப் பதில் சின்ன மின்விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டார்கள்.

கருத்தப்பாண்டி அதற்கு மூன்றாம் வருடம் பங்குனியில், நல்ல வெயில் காலத்தில், தூக்கத்தில் இறந்துபோனார். அந்தக் குடும்பத்தில் எரிப்பதுதான் முறை. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து காய்ந்த யூகலிப்டஸ் கட்டைகள் வந்தன. தம்பி மகன் கொள்ளி வைத்தான். கட்டைகள் பற்றவில்லை. நெய் ஊற்றினார்கள், டீசல் ஊற்றினார்கள், ஒரு கிலோ கற்பூரம் போட்டார்கள். புகை வந்தது, சுடர் வரவில்லை. மூன்று மணிநேரம் பார்த்துவிட்டு ராஜசேகர் வீட்டுக்கு வந்து, சாந்தம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"மதினி, வட்டவடைக்காரங்க கெளம்பப் போறாங்களாம். ரெண்டு டியூபு மட்டும் நெறச்சிக் கொண்டாரச் சொல்லவா? அதுக்குமேல வேண்டாம்."

"வேண்டாம்யா," என்றாள் சாந்தம்மாள். "கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தத அவுக திருப்பி வாங்க மாட்டாக."

ஆறடி நீளம், ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டி அவரைப் புதைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் அன்றிலிருந்து புதைப்பதுதான் முறை. சிவசங்கரி இரண்டு பிள்ளைகளோடு மேலே ரோட்டு வளைவில் நின்று, மண் மூடும்வரை பார்த்துவிட்டு, வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனாள். அடுக்கிய கட்டைகளைத் தொழிற்சாலை லாரி வந்து எடுத்துப் போனது. அங்கே அடுப்பில் போட்டதும் நன்றாக எரிந்தன என்றார்கள்.