நீட்டிப் பிடித்த விரால்

மீனைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க ஒரு முறை இருக்கிறது. நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கக் கூடாது. இரண்டு கையையும் கேமராவை நோக்கி முழுசாக நீட்ட வேண்டும். விரல்களை மீனுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிலோ விரால் ஆறு கிலோவாகிவிடும். தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொய் என்பதால் யாரும் அதைப் பொய்யாகவே எண்ணுவதில்லை. நானும் எண்ணவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் பெயர் சாஜித். போத்தனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சென்னிமலை பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்கள் ஊரில் சண்டைக்கு வருகிறவன்கூட ‘ங்க’ போட்டுத்தான் சட்டையைப் பிடிப்பான். சென்னிமலை அதில் இன்னும் ஒரு படி மேல். பெற்ற மகளையே ‘வாங்க அம்மணி’ என்பான். அவன் வாயிலிருந்து ‘டா’ வாங்கிய ஒரே ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போகிற இடம் ஆவாரங்குட்டை. பெயர்தான் குட்டை, முப்பது ஏக்கர் தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன் குத்தகைக்கு எடுத்தவர் வலை போட்டு மொத்தமாக வழித்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே மீனே இல்லை என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த இரண்டு கோடையிலும், வற்றிப்போன கிணறுகளில் தத்தளித்த விரால்களைப் பிடித்து, ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான் சென்னிமலை. பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்வது என் வேலை. ஒவ்வொரு வளைவிலும் பாதித் தண்ணீர் என் பேண்ட்டில்தான். மொத்தம் முப்பத்தேழு விரால் விட்டோம்.

அவை குஞ்சு பொரித்தன. சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வர, தாயும் தகப்பனும் கீழே காவல் சுற்றும். அதைக் கண்டால் சென்னிமலை தூண்டிலைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். எங்களோடு இருபது பேர் சேர்ந்தார்கள். மீனுக்குக் காயம் படாமலிருக்கக் கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் வீசுவோம். பிடித்ததை அப்படியே திரும்ப விட்டுவிடுவோம்.

இந்த வருடம் குத்தகை மறுபடி ஏலத்துக்கு வந்தது. நாங்களே எடுத்துவிட்டால் மூன்று வருடத்துக்கு வலை இறங்காது. ஒரு லட்சம் இருந்தால் போதும், வசூல் பண்ணலாம் என்று முடிவு செய்தோம். சென்னிமலை சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“யாருகிட்ட வேணா கேளு. எடத்த மட்டும் வெளிய சொல்லிப்போடாதடா சாஜி.”

ஆறு வாரத்தில் முப்பதாயிரம்தான் சேர்ந்தது. எந்தக் குளம் என்று சொல்லாமல் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஏலத்துக்குப் பத்து நாள் இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் நீட்டிப் பிடித்த விரால் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டேன். ‘ஆறு கிலோ. போத்தனூர் ஆவாரங்குட்டை. இதுபோல் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, காப்பாற்ற உதவுங்கள்’ என்று எழுதினேன். ஒரே வாரத்தில் மொத்த வசூல் ஒன்றரை லட்சமாகிவிட்டது.

சென்னிமலை இதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் காய்ந்த அவன் விரலை எந்தத் தொடுதிரையும் மதிக்காது.

“எப்படிடா வந்துச்சு இவ்வளவு?” என்றான்.

“எல்லாம் நம்ம பசங்கதான்டா,” என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகத்துக்கு நான் பொய் சொன்னேன்.

ஏலத்துக்கு ஈரோட்டிலிருந்து அருண்குமார் என்று ஒரு மீன் வியாபாரி வந்திருந்தார். நாங்கள் ஏற்றுகிற ஒவ்வொரு தொகைக்கும் மேலே சிரித்துக்கொண்டே ஏற்றினார். ஒன்றரை லட்சத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். அவர் அதற்கு மேலே போய் எடுத்துவிட்டார். வெளியே வந்ததும் எங்களிடமே வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் இப்படி ஒரு குட்டை இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. இதைப் பாத்துப்போட்டுத்தானுங்க வந்தேன்.”

அவர் நீட்டிய போனில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், கையில் விரால். சென்னிமலை அதைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். போய் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

அடுத்த இரண்டு வாரத்தில் வசூல் பணத்தையெல்லாம் திருப்பி அனுப்பினேன். நடந்ததிலேயே எளிதான வேலை அதுதான். சென்னிமலை என் போனை எடுக்கவே இல்லை. அருண்குமார் வலை போடுகிற அன்று காலையில் மட்டும் என் வீட்டு முன்னால் ஹாரன் சத்தம் கேட்டது. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய் பின்னால் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க அவன் பேசவில்லை.

மதியத்துக்குள் குட்டையை வழித்து முடித்துவிட்டார்கள். கரையில் குவிந்தது பாதிக்கு மேல் ஜிலேபி மீன். விரால் நாற்பதோ ஐம்பதோதான் இருக்கும், பெரும்பாலும் முழ நீளம்கூட இல்லாதவை. வலையின் ஓரத்தில் சிவப்புக் குஞ்சுகள் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. அருண்குமார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, அந்த ஆறு கிலோ மீனெல்லாம் எங்கீங்க?”

சென்னிமலைதான் பதில் சொன்னான்.

“அது கைய நீட்டிப் புடிச்சதுங்க. ரெண்டேகால் கிலோதானுங்க. நான்தான் எடை போட்டுத் திரும்ப விட்டேன்.”

அருண்குமார் போனை எடுத்து அந்தப் போட்டோவை இன்னொரு முறை பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்தார். அவருக்கும் நஷ்டம்தான். என் பொய்யால் எங்கள் குட்டையிலும் ஒரு மீன் மிஞ்சவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன்டா,” என்றேன் சென்னிமலையிடம். “நாலு வார்த்தை திட்டிப்போடு. அடிக்கக்கூடச் செய்.”

அவன் சாவியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான். முகத்தில் கோபமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே முகம்.

“அதனால என்னங்க,” என்றான். “நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க. கெளம்பலாங்களா, சாஜித்?”

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தேன். வளைவுகளில் மடியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், வெறும் கையோடு வீடு வந்து சேர்ந்தேன்.