ஒட்டாத மெட்ராஸ் ஐ

தலைவலி என்று சொல்லி லீவு கேட்டுப் பாருங்கள். அதைவிட மதிப்பில்லாத காரணம் உலகத்தில் கிடையாது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பேதி என்றால் தொடாமலே அனுப்பிவிடுவார்கள். தலைவலி என்றால் மட்டும் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, "ஒரு மாத்திரையப் போட்டுகினு டீ குடி, சரியாப்பூடும்" என்பார்கள். நூம்பலில் குடியிருக்கும் கிஷோருக்கு இது நன்றாகவே தெரியும். தலைவலி என்று உண்மையைச் சொல்லி இரண்டு வேலைகளைத் தொலைத்தவன் அவன்.

அவனுக்கு வந்ததும் ஊரில் எல்லோருக்கும் வருகிற தலைவலி அல்ல. வருஷத்தின் பெரும்பகுதி அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மார்கழி பிறந்ததும் வந்து குடியேறிக்கொள்ளும். அப்புறம் அது தானாகக் காலிசெய்கிறவரை தினமும் காலையில், டீ குடித்த கொஞ்ச நேரத்தில், கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு வருகிற ஆள் மாதிரி நேரம் தவறாமல் ஆஜராகும். வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருப்புளியைச் செருகித் திருகுகிற வலி. அந்தக் கண் மட்டும் ரத்தமாகச் சிவந்து, இமை தொங்கி, நீர் கொட்டும். மூக்கில் அந்தப் பக்கம் மட்டும் ஒழுகும். மற்றவர்களுக்குத் தலை வலித்தால் படுத்துக்கொள்வார்கள். இவனால் படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. நடக்க வேண்டும், ஆட வேண்டும், தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்ட வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி ஆட்டிவைத்துவிட்டு, வந்த சுவடே இல்லாமல் போய்விடும்.

இதற்காக ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான். சைனஸ் என்று ஆவி பிடித்தான். பவரே இல்லாத கண்ணாடி வாங்கி மாட்டினான். அவன் மனைவி யுவராணி வாரா வாரம் மாங்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோனாள். அம்மன் என்ன செய்தாளோ, போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அகப்பட்டார். கிஷோர் பாதி சொல்வதற்குள் மீதியை அவரே சொன்னார். "ஒரு கண்ணுதானே? தினம் ஒரே நேரம்தானே? படுக்க முடியாதே?" அதற்குக் கிளஸ்டர் தலைவலி என்று பெயராம். பெயரைக் கேட்டதும் கிஷோர் அழுதுவிட்டான். பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், தனக்கு முன்னால் வேறு யாருக்கோ வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? தான் கிறுக்கன் இல்லை என்றுதானே அர்த்தம்?

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். வலி தலைகாட்டியதும் முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் இழுக்கச் சொன்னார். நோயாளிகளுக்கென்று கொடுக்கிற சிலிண்டர் ஒன்று வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது வலி வந்தால் கிஷோர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து இழுப்பான். ஒரு கால் மணியில் திருப்புளி கழன்றுவிடும். ஆனால் வாரத்தில் மற்ற நாளெல்லாம் வலி வந்தது பட்டறையில். சிலிண்டர் நின்றதோ நூம்பலில்.

பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்தது. மின்சாரப் பெட்டிகளுக்குத் தகடு அடித்துக்கொடுக்கிற இடம். இருதயராஜ் என்ற தூத்துக்குடிக்காரர் அதற்கு முதலாளி, ஃபோர்மேனும் அவரே. கிஷோர் அங்கே பவர் பிரஸ் ஓட்டினான். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். வரிசை மாறினால் விரல் மிஞ்சாது. அதனால் வலி வந்ததும் மெஷினை விட்டு ஓடியே ஆக வேண்டும்.

இந்த மார்கழியில் முதல்முறை ஓடியபோது, என்ன பொய் சொல்லலாம் என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. தூரத்திலிருந்தே அவன் கண்ணைப் பார்த்துவிட்ட இருதயராஜ் அலறிக்கொண்டு பின்வாங்கினார்.

"ஏல, மெட்ராஸ் ஐ-யா? கிட்ட வராத! பின்னாடி போயி உக்காரு, போ!"

சென்னையில் சிவந்த கண்ணுக்கு வேறு அர்த்தம் ஏது? இருதயராஜ் கடன்காரனுக்குப் பயப்பட மாட்டார், இன்ஸ்பெக்டருக்குப் பயப்பட மாட்டார், மெட்ராஸ் ஐக்கு மட்டும் நடுங்குவார். அந்தக் கண்ணைப் பார்த்தாலே நமக்கும் வந்துவிடும் என்பது அவர் கட்சி. அன்றே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவரச் செய்து, அதை நீளமான தகட்டின் நுனியில் வைத்து கிஷோரிடம் நீட்டினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. கிஷோர் வாயை மூடிக்கொண்டு வாங்கி மாட்டிக்கொண்டான். உண்மையான நோய்க்குக் கிடைக்காத மரியாதை, இல்லாத நோய்க்குக் கிடைத்தது. தினமும் வலி வரும்போது பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் முட்டிக்கொண்டான்.

ஆனால் மெட்ராஸ் ஐ எத்தனை நாள் இருக்கும்? ஒரு வாரம் போனது, இன்னொன்றும் போனது. பக்கத்து மெஷின்காரர் துலுக்கானத்துக்கு முதலில் மூக்கு வியர்த்தது.

"இன்னாபா கிஷோரு, உன் மெட்ராஸ் ஐ காத்தால வருது, சாப்பாட்டு டைம்ல பூடுது. அதுவும் ஷிப்ட்டுல வேலை செய்யுதா? என் க்ளாஸ்ல டீ குட்ச்ச, என் துண்டுல மூஞ்சி தொட்ச்ச. எனுக்கு ஒட்டவே இல்லியே. ஒட்டாத மெட்ராஸ் ஐ எந்த ஊர்ல கீது?"

"உனுக்கு ஒடம்புல சக்தி ஜாஸ்தி அண்ணாத்தே."

"எனுக்கா?" என்று துலுக்கானம் தன் ஒட்டிய வயிற்றைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டில் யுவராணியும் விடவில்லை. "சொல்லிடுங்க. சிலிண்டரு இங்க தண்டத்துக்கு நிக்குது, நீங்க அங்க தொட்டில முட்டிக்கினு கீறீங்க."

"சொல்லி இன்னாத்துக்கு ஆவும்? ஆவடி கம்பெனில சொன்னேனே. தலைல கோளாறு கீறவன மெஷின்ல நிறுத்த முடியாதுன்னு அனுப்ச்சிட்டான் இல்ல? இதுவும் போச்சுன்னா வேற எவன் என்னைச் சேத்துக்குவான்?"

யுவராணி சிலிண்டர் மேல் படிந்திருந்த தூசியைத் துடைக்கப் போனாள்.

பொங்கலுக்கு முந்திய வாரம் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. சாயங்காலம் லாரி நிற்கும். இருதயராஜ் வந்து, வழக்கம்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்குப் பின்னாடி உக்காருத சோலி கெடையாது. கண்ணாடியப் போட்டுட்டு மெஷின்ல நில்லு. ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது."

கிஷோர் நின்றான். டீ முடிந்தது. வலியும் வந்தது, அதற்கு ஆர்டர் அவசரமெல்லாம் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு தகட்டை வைத்தான், எடுத்தான், மிதித்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்ணாடிக்குள் நீர் கட்டிக்கொண்டு எதுவும் தெரியவில்லை. ஒரு தகட்டை உள்ளே வைத்தான், காலைப் பெடலில் அழுத்தப் போனான். அப்போதுதான் உறைத்தது, கை இன்னும் உள்ளே இருக்கிறது. காலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மெஷினை அணைத்துவிட்டு, யார் கூப்பிட்டதும் காதில் விழாமல் பின்கட்டுக்கு ஓடினான்.

"ஏல, எங்க ஓடுத?" இருதயராஜ் கத்தினார். அப்புறம் அவருக்கே மனசு கேட்கவில்லை. மேஜை டிராயரில் தன் பாதுகாப்புக்காக வாங்கி வைத்திருந்த கண் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே பின்னால் போனார். தொட்டியிலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தார். கிஷோர் மண்டியிட்டு, நெற்றியைச் சிமெண்டில் மோதிக்கொண்டிருந்தான். கண்ணாடி கீழே கிடந்தது. இருதயராஜ் குனிந்து, அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, அந்தக் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தார்.

"இது கண்ணு நோவு இல்லையேல."

"இல்ல சார். தலை." அவன் அவர் பிடியிலிருந்து திமிறினான். "பொய் சொல்லிட்டேன் சார். திட்றதுன்னா அப்பறம் திட்டுங்க. இப்ப உட்ருங்க, நடக்கணும்."

நடந்துகொண்டே, முனகிக்கொண்டே, துண்டு துண்டாகச் சொன்னான். இருதயராஜும் கூடவே நடந்துகொண்டு கேட்டார். "இதுக்கு மருந்தே கெடையாதா?"

"ஆக்ஸிஜன் சார். மூஞ்சில வச்சி இழுத்தா நிக்கும்."

"ஆக்ஸிஜனா? நம்மகிட்ட இல்லாத ஆக்ஸிஜனா?" அவர் போட்ட சத்தத்தில் மெஷினெல்லாம் நின்றுவிட்டது. அடுத்த நிமிஷம் துலுக்கானம், இரும்பு அறுக்கிற கேஸ் கட்டிங் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார். குழாய் முனையைத் தன் துண்டால் பக்தியோடு துடைத்து நீட்டினார். "இழு நைனா. எவ்ளோ வோணும்னாலும் இழு. ஃபுல்லா கீது."

அந்த வலியிலும் கிஷோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. "அண்ணாத்தே, அது இரும்புக்கு... மன்சனுக்கு வேற. அது ஊட்ல கீது."

"ஊட்ல வச்சிகினா இங்க முட்டிக்கினு கீற? இன்னா மன்சன்யா நீ!"

பட்டறையின் லோடு ஆட்டோ நூம்பலுக்குப் பறந்தது. வாசலில் அதைப் பார்த்த யுவராணிக்கு உயிரே போய்விட்டது. விஷயம் தெரிந்ததும் பின்னால் ஏறி, சிலிண்டரைக் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வந்து பார்த்தால், கிஷோர் முகம் கழுவிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வலி தன் நேரம் முடிந்து போயிருந்தது. இப்போது அவனுக்கு வேறு பயம். இருதயராஜ் பிரஸ் மெஷினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை உள்ள இருக்கையிலே மிதிக்கப் போனியாமே?"

"ஆமா சார். அதான் ஓடினேன்."

"நான்தாம்ல உன்னை அங்க நிறுத்துனேன்." அவர் ஒரு தகட்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா இன்னா சார் பண்ணிருப்பீங்க?"

இருதயராஜ் யோசித்தார். மனிதர் கோபக்காரர்தான், பொய் சொல்லத் தெரியாது. "ஒரு மாத்திரையக் குடுத்து, போயி மெஷின்ல நில்லுன்னுருப்பேன்" என்றார். பிறகு, "தினம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"டீ குட்ச்சி கொஞ்ச நேரத்துல சார்."

"அப்ப டீயை அந்த நேரத்துக்குத் தள்ளிருவோம். எல்லா மெஷினும் நிக்கும், எவனும் உனக்காவ நிக்க வேண்டாம். நீ உன் காத்த இழு. நாங்க டீ குடிக்கோம்."

கிஷோர் எழுந்து நின்றான். யுவராணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு எதுக்கும்மா கும்பிடு, லாரி வருது, தள்ளி நில்லு" என்று அவர் எரிந்து விழுந்தார்.

தீப்பொறி எட்டாத ஸ்டோர் ரூமில், எண்ணெய் டப்பாக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு சிலிண்டரைச் சங்கிலி போட்டு நிறுத்தினார்கள். துலுக்கானம் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 'கிஷோர் காத்து. கட்டிங்குக்கு எட்த்தா கை ஒடையும்.'

அன்று முதல் டீ மணி தள்ளி அடித்தது. கிஷோர் ஸ்டோர் ரூமுக்குள் போய் மாஸ்க்கை மாட்டிக்கொள்வான். வலி முனகவைக்கும், பிறகு மெல்ல இறங்கும். வெளியே வரும்போது அவன் கிளாஸ் மேல் ஒரு தகட்டுத் துண்டு மூடியிருக்கும், டீ பச்சைத் தண்ணீராக ஆறியிருக்கும். ஆறினால் என்ன? வலியில்லாத வாயால் குடிக்கிற டீக்கு ஈடு உண்டா? சாமிக்குச் சொல்கிற நன்றியையெல்லாம் அவன் அந்த ஆறின டீயிடம் சொன்னான். டாக்டரம்மாவுக்கு, மாங்காட்டு அம்மனுக்கு, யுவராணிக்கு, துலுக்கானத்துக்கு, கையைத் தப்பவிட்ட அந்தப் பிரஸ் மெஷினுக்குக்கூட.

தை பாதி போயிருக்கும். ஒரு நாள் மணி அடித்தது. கிஷோர் ஸ்டோர் ரூமில் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கண்ணுக்குப் பின்னால் ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தான். வருகிறவன் வரவே இல்லை. நம்பமுடியாமல் எழுந்து, வழக்கத்துக்கு வெகு முன்பாகவே வெளியே வந்தான்.

எல்லோரும் மெஷின்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் டீ கிளாஸ் இருந்தது. எல்லாக் கிளாஸும் நிறைந்திருந்தன. யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

கிஷோர் அப்படியே நின்றுவிட்டான். தன் டீ மட்டும்தான் ஆறுகிறது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தானே!

"இன்னாபா பாக்கற?" என்றார் துலுக்கானம், கூச்சப்பட்டு. "மெஷின் ஓட்னாலாவது சத்தம் அமுங்கும். எல்லாம் நின்னப்பறம் உன் மொனகல் இங்க வரிக்கும் கேக்குது. அதக் கேட்டுகினு எப்டிபா தொண்டைல எறங்கும்?"

இருதயராஜ் கிட்டே வந்தார். மூக்கோடு மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அவன் வலது கண்ணை உற்றுப் பார்த்தார்.

"வரலியால?"

"வரல சார்." கிஷோருக்கு இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது.

"அப்ப எல்லாரும் குடிங்கல, இன்னைக்காவது சூடா குடிப்போம்" என்றார் இருதயராஜ்.